நாவற்குழியில் இறந்தவரின் தீவு வீடு

வெலிகமக் கடற்கரையில் நின்றால் அந்தத் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. பாலம் கிடையாது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடந்தே போய்விடலாம். பாறையும் மரங்களும் நிறைந்த அந்தச் சிறு திட்டின் மேலே, எட்டுப் பக்கம் கொண்ட ஒரு வெள்ளை வீடு இருக்கிறது. ஊரவர் அதைக் கல்துவ, அதாவது கல்தீவு என்கிறார்கள். உல்லாசப் பயணிகளின் புத்தகங்களில் அது தப்ரபேன் தீவு. எங்கள் ஓமந்தையும் ஒரு காலத்தில் வெளியூராருக்குச் சோதனைச்சாவடியின் பெயராகத்தானே இருந்தது!

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் வீடிழந்து, பின்பு கட்டிக்கொண்ட தென்பகுதிப் பெண்களைச் சந்திப்பதற்காக ஓமந்தையிலிருந்து எட்டுப் பெண்களுடன் போயிருந்தேன். சந்திப்பு முடிந்த பின்னேரம் எல்லோரும் கரையில் நின்றபோது, எங்களில் மூத்தவரான அக்கா கேட்டா:

“உது ஆற்றை வீடு பிள்ளை?”

சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

அதைக் கட்டியவர் மொறிஸ் த மோனி என்ற பிரெஞ்சுக்காரர். தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்டவர். 1920களில் இந்தத் தீவைக் கண்டு, இங்கேயே இருப்பதென்று முடிவு செய்தார். நடுவில் ஒரு பெரிய மண்டபம், அதைச் சுற்றி அறைகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். வெறும் பாறையில் மண் நிரப்பித் தோட்டமும் உண்டாக்கினார். வெலிகமத் தச்சர்களைக் கொண்டு தளபாடங்கள் செய்வித்து விற்றார். வீட்டைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்துபோனார்கள்.

1941 நவம்பரில் அவர் நாவற்குழிக்குப் போயிருந்த இடத்தில் மாரடைப்பால் இறந்தார். அடக்கம் செய்ததும் யாழ்ப்பாணத்திலேயே.

“எங்கட நாவற்குழியிலையோ?” என்று ஒரே நேரத்தில் மூன்று பேர் கேட்டார்கள். அதுவரை அந்த வீடு அவர்களுக்கு யாரோ வெள்ளைக்காரனின் விளையாட்டு. அதற்குப் பிறகு கதையை நிறுத்த விடவில்லை.

மறுவருடமே வீடு ஏலத்தில் போயிற்று. 1950களில் போல் போல்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் அதை வாங்கி, ஒரு நாவலின் பகுதியை அங்கிருந்து எழுதினார். அவருடைய மனைவி ஜேனும் எழுத்தாளர்தான். அவருக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. மின்சாரம் கிடையாது, இருட்டினால் வௌவால்கள். சில வருடங்களில் போல்ஸ் அதை விற்றுவிட்டார். பின்பு கைமாறிக் கைமாறிப் பழுதடைந்து, 1990களில் திருத்தப்பட்டு, பணக்கார விருந்தினர் வாடகைக்குத் தங்கும் இடமாயிற்று. நாங்கள் உள்ளே போகவில்லை. கரையிலிருந்து பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள்.

“இத்தனை தரம் வித்தும் கூரை இருக்குது. எங்கட வீட்டை ஒருத்தரும் வாங்கவுமில்லை, விக்கவுமில்லை. கூரை மட்டும் போட்டுது” என்றா அக்கா. 1997 மே மாதம் ஜயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியபோது விட்டு ஓடிய வீடு அது. திரும்பி வந்தபோது ஓடும் இல்லை, நிலைக்கதவும் இல்லை.

இங்கே ஒரு விசயத்தை வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தீவு வீடு ஒவ்வொரு தடவையும் கைமாறியது வாங்குபவரும் விற்பவரும் வைத்த கையெழுத்தால். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணின் நிலை அப்படியல்ல. சீதனமாக வந்த சொந்தக் காணியானாலும், அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவன் காணாமற்போன பெண் யாரிடம் கையெழுத்து வாங்குவாள்? அதே சட்டத்தில் வழியும் உண்டு. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், கைவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம். இதை அறியாமல், “அவர் வரட்டும்” என்று வருடக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் பலர். இன்னும் சிலர் தரகர் நீட்டிய வெற்றுத்தாளில் ஒப்பம் வைத்துவிடுகிறார்கள். (பேமிற் காணிக்கு நடைமுறை வேறு. அதைப் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும்.)

உறுதி தொலைந்தால் காணி தொலைந்தது என்ற பயமும் வேண்டாம். நொத்தாரிசு முடித்துப் பதிந்த உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா தன் சீதன உறுதியின் இலக்கத்தையும், முடித்த நொத்தாரிசின் பெயரையும், நாலு பக்க எல்லைகளையும் ஒரு பிசகில்லாமல் சொன்னா. 2009 இல் மாத்தளனில் உறுதி இருந்த பை தொலைந்துவிட்டது. அன்றிலிருந்து மறந்துவிடக்கூடாதென்று இரவில் படுக்கும்போது சொல்லிப் பார்ப்பாவாம். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை இருவரும் வவுனியாக் காணிப் பதிவகத்துக்குப் போகிறோம்.