கொம்பின் விலை

ஸ்காட்லாந்து நாட்டிற்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, செயின்ட் கில்டா என்னும் சிறு தீவுக் கூட்டம் உள்ளது. செங்குத்தான பாறைகளும், ஓயாது வீசும் காற்றும், எண்ணிறந்த கடற்பறவைகளுமே அதன் செல்வம். அத்தீவுகளுள் பெரியது ஹிர்ட்டா. அங்கு வழிவழியாக வாழ்ந்த மக்களுள் எஞ்சியிருந்த 36 பேரும், வாழ்க்கையின் இடர் பொறுக்கலாற்றாது, 1930ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்த மண்ணைப் பிரிந்து கப்பலேறினர். இரண்டாண்டுகளுக்குப் பின், அண்மையிலுள்ள சோயா என்னும் தீவிலிருந்து 107 செம்மறியாடுகள் ஹிர்ட்டாவிற்குக் கொண்டுவந்து விடப்பட்டன. மக்கள் கைவிட்ட கற்குடில்களில் ஆடுகள் குடிபுகுந்தன.

அந்த ஆடுகளை மேய்ப்பார் இல்லை. அடைக்கும் பட்டியும் இல்லை. கொன்று தின்னும் ஓநாயும் அத்தீவில் இல்லை. இத்தகைய வாழ்வு இன்ப வாழ்வே என்று எண்ணத் தோன்றும். ஆயினும், ஆயனும் ஓநாயும் இல்லாத இடத்தில் குளிர்காலமே கூற்றுவனாக நிற்கின்றது. கோடையில் புல் செழிக்க, ஆடுகள் பெருகுகின்றன. குளிர்காலத்தில் புல் வளர்வதில்லை. மழையும் புயலும் மாறி மாறி அலைக்கின்றன. ஆடுகளின் தொகை மிகுந்துள்ள சில ஆண்டுகளில், வசந்தம் வருவதற்குள் அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பசியால் மடிந்துவிடுகின்றன. காற்றுக்கு ஒதுங்கிய குடிலிலேயே பல உயிர் துறக்கின்றன.

இவ்வாடுகளின் வாழ்வை அறிஞர்கள் 1985ஆம் ஆண்டு முதல் இடைவிடாது ஆராய்ந்து வருகின்றனர். ஏப்ரல் திங்களில் குட்டி பிறந்தவுடன் அதனை எடுத்து நிறுப்பர். காதில் எண் பொறித்த சிறு தகட்டைப் பொருத்துவர். தாய் இன்னது, தந்தை இன்னது என மரபணுக்களைக் கொண்டு தெளிவர். கோடையில் மீண்டும் பிடித்துக் கொம்பை அளப்பர். குளிர்காலம் கழிந்தபின் இறந்தவற்றைத் தேடி எண்ணுவர். ஆனால், பசித்த ஆட்டிற்கு ஒரு பிடி புல்லும் இடமாட்டார்கள். இரக்கமுள்ள நெஞ்சினர்க்கு இது கொடிதாகத் தோன்றலாம். மனிதன் கைகொடுத்துக் காத்தால், இயற்கை எதனை வாழவைக்கின்றது, எதனை நீக்குகின்றது என்பதை அறிய இயலாது. ஆதலின், அவர்கள் காண்பதனைப் பொறுத்துக்கொண்டு குறித்து வருகின்றனர்.

அக்குறிப்புகளிடையே ஒரு புதிர் எழுந்தது. நவம்பர்த் திங்கள் இணைசேரும் பருவம். அப்பொழுது கடாக்கள் ஒன்றையொன்று முட்டிப் பொருகின்றன. பெருங்கொம்புடைய கடா பெரும்பாலும் வெல்லும். மிகுதியான குட்டிகளுக்குத் தந்தையாகும். இத்தகைய போரினால் ஆண் விலங்குகளின் கொம்பு பெருகும் முறையைச் சார்லஸ் டார்வின் 1871ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார். அங்ஙனமாயின், தலைமுறைகள் பல சென்றபின், சிறுகொம்புடைய கடா ஒன்றும் எஞ்சாமல் மறைந்திருக்க வேண்டும் அன்றோ? ஹிர்ட்டாவில் அவ்வாறு நிகழவில்லை. வளைந்து முறுகிய பெருங்கொம்புடைய கடாவின் பக்கத்திலேயே, முளை போன்ற கொம்புடைய கடாவும் மேய்ந்துகொண்டிருக்கின்றது. இதற்குக் காரணம் யாது?

2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறியது. கொம்பின் அளவைப் பெரிதும் ஆள்வது ஒரே மரபணு. அதற்குப் பெருங்கொம்பு வடிவம், சிறுகொம்பு வடிவம் என இரு வடிவங்கள் உள்ளன. ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டைப் பெறுகின்றது. இரண்டும் பெருங்கொம்பு வடிவமாகப் பெற்ற கடாக்கள் மிகுதியான குட்டிகளை ஈன்றளித்தன. ஆனால் அவற்றின் வாழ்நாள் குறைவாயிருந்தது. இரண்டும் சிறுகொம்பு வடிவமாகப் பெற்றவை நெடிது வாழ்ந்தன. ஆனால் அவற்றின் குட்டிகள் சிலவே. வகைக்கு ஒன்றாகப் பெற்ற கடாக்களோ, போரில் பெருங்கொம்பினவற்றிற்கு ஏறத்தாழ இணையாக நின்றன. குளிரைக் கடப்பதில் அவற்றினும் மேம்பட்டன. எனவே, இரு வடிவங்களுள் எதுவும் அழியாது நிலைபெற்றது.

அவ்வாறாயின் எல்லாக் குட்டிகளும் இருவகையும் கலந்தே பிறத்தல் நன்றன்றோ என வினவலாம். மரபின் கணக்கு அதற்கு இடந்தருவதில்லை. கலப்புடைய தாய்க்கும் கலப்புடைய தந்தைக்கும் பிறக்கும் குட்டிகளுள், சராசரியாக நான்கில் இரண்டே கலப்புடையன. ஒன்று பெருங்கொம்பு வடிவமே பெறும். மற்றொன்று சிறுகொம்பு வடிவமே பெறும். இருவகைச் செல்வமும் உடைய பெற்றோராலும் அதனை மக்கள் அனைவர்க்கும் வழங்க முடிவதில்லை.

இஃது ஆடுகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அதே ஸ்காட்லாந்தின் மேலைக் கரையை ஒட்டியுள்ள ரம் என்னும் தீவில் செம்மான்கள் வாழ்கின்றன. 1970களின் தொடக்கம் முதல் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளங்கண்டு அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். போரில் வென்று மிகுதியான கன்றுகளுக்குத் தந்தையாகும் கலைமானுக்குப் பிறந்த பிணைகள், தம் வாழ்நாளில் குறைவாகவே கன்றீனுகின்றன என்பது 2007ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஆணுக்கு ஏற்றம் தரும் மரபே பெண்ணுக்குத் தாழ்வாகின்றது.

வலியதே வாழும், மெலியது மாயும் என்று பலரும் எளிதாகக் கூறிவிடுகின்றனர். வலிமை எது என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. நவம்பரில் வலிமையாக விளங்கிய கொம்பு, மார்ச்சுத் திங்களில் கற்குடிலின் மூலையில் கிடக்கும் உடலொன்றின் தலையிலும் காணப்படுகின்றது. போர்க்களத்தில் தோற்று விலகிய கடாவோ, அதன் அருகே முளைத்த இளம்புல்லை மேய்கின்றது. ஒவ்வோர் ஏற்றத்திற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்தும் பருவம் வேறு என்பதனால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தாழ்ந்தது என ஒதுக்கப்படுவதும் பிறிதொரு பருவத்தில் இனத்தைக் காக்கும் செல்வமாகலாம் என்பதை, மனிதர் விட்டுச் சென்ற அத்தீவில் ஆடுகள் வாழ்ந்து காட்டுகின்றன.