கப்பல் சாப்பாடும் கரண்டி பிடித்த கையும்

உல்லாசக் கப்பலில் போவது பணக்காரர்கள் சமாசாரம் என்றிருந்த காலம் மாறிவிட்டது. 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அப்படி ஒரு கப்பல் புறப்பட ஆரம்பித்தது. சிங்கப்பூரில் உறவுக்காரர்கள் இருந்தால் அங்கே போய் ஏறிக்கொள்கிறவர்களும் உண்டு. நாங்கள் போனது அப்படித்தான். 2024 மே விடுமுறையில் என் கொழுந்தனார் குடும்பத்தோடு சேர்ந்து எட்டுப் பேர். சிங்கப்பூர், பினாங்கு, ஃபுக்கெட் என்று நான்கு ராத்திரி.

எந்தப் புடைவை எடுத்து வைப்பது என்பதைவிட என் மாமியாரைப் பற்றித்தான் எனக்கு யோசனை. வயது 74. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் நீங்களும் நானும் மோரைக் குடித்துவிட்டு எழுந்து நடமாடிவிடுவோம். அவர் உடம்பு அதைத் தாங்காது.

கப்பல் என்றதும் எல்லோரும் பயப்படுவது தலைசுற்றலுக்குத்தான். அதைச் சமாளிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது; கண்ணோ 'அறை அசையவில்லையே' என்கிறது. இந்தச் சண்டைதான் வாந்தியாக வருகிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்கினால் ஆட்டம் குறைவு. குமட்டும்போது செல்போனைப் பார்க்காமல் வெளியே வந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். மாத்திரை போடுவதானால் குமட்டல் வருவதற்கு முன்னாலேயே போட வேண்டும், தூக்கம் வரும். கைக்குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. என் மாமியாருக்கு நாகப்பட்டினம். அவருடைய அப்பா அந்தக் காலத்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்குப் போய் வந்தவராம். உப்பு நாரத்தங்காய் இல்லாமல் ஏறவே மாட்டாராம். மாமியாரும் ஒரு டப்பா கொண்டுவந்தார். ரத்தக் கொதிப்புக்காரருக்கு அவ்வளவு உப்பு ஆகாது என்பதால் அதை நான் என் பையில் வைத்துக்கொண்டேன்!

உண்மையில் பயப்பட வேண்டியது வயிற்றுக்கு. நோரோ வைரஸ் என்று ஒன்று. மிகக் கொஞ்சம் உள்ளே போனாலே போதும், 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். இது கப்பலில் பிறந்த வியாதி அல்ல; பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விடுதி எங்கும் வரும். ஆனால் கப்பலில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறுகிறோம், ஒரே லிப்ட் பொத்தானை அமுக்குகிறோம், ஒரே சாதக் கரண்டியை எடுக்கிறோம். சாப்பாட்டு ஹால் வாசலில் கையில் தெளிக்கிறார்களே ஒரு மருந்து, அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த ஆல்கஹால் மருந்துக்கு இந்தக் கிருமி சரியாகச் சாகாது. சோப்புப் போட்டு, 20 விநாடி தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவினால்தான் போகும்.

இதில் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் முள்கரண்டியால் சாப்பிடுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? சமர்த்தாகக் கை கழுவிவிட்டு வரிசையில் நிற்கிறோம். நூறு பேர் பிடித்த கரண்டியைப் பிடித்துச் சாதம், குழம்பு, கறி என்று போட்டுக்கொள்கிறோம். அதே கையால் பிசைந்து சாப்பிடுகிறோம்! கழுவியதற்கு என்ன பிரயோஜனம்? அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். முதலில் தட்டை நிரப்பிக்கொண்டு வந்து மேஜையில் வைப்பது. பிறகு கை கழுவுவது. அப்புறம் சாப்பிடுவது. இரண்டாம் தடவை எழுந்து போனால் திரும்பவும் கழுவ வேண்டும். "இதென்ன பெரியம்மா, ஆசாரமா?" என்று கொழுந்தனார் பெண் கேலி செய்தாள். மாமியாருக்கு மட்டும் ஏக சந்தோஷம். எச்சில், பத்து என்று அவர் சொன்னதையெல்லாம் இத்தனை நாள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையே!

இத்தனைக்கும் இரண்டாம் நாள் ராத்திரி, கொழுந்தனாரின் ஆறு வயதுப் பையனுக்கு வாந்தி. ஒன்று, இரண்டு, நான்கு என்று போயிற்று. பிறகு பேதி. கப்பலில் வந்ததோ, ஏறுவதற்கு முன்பே பிடித்ததோ, யார் கண்டது?

என் ஓர்ப்படி மெல்லிய குரலில், "அக்கா, டாக்டர்கிட்ட சொல்ல வேண்டாம். சொன்னா ரூமை விட்டே வெளியே விடமாட்டாங்க. நாளைக்கு ஃபுக்கெட் இறங்கணும். குழந்தை எத்தனை ஆசையா இருக்கான்" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காசு கட்டி, லீவு போட்டு வந்திருக்கிறாள். ஆனால் எனக்கு அந்த நேரம் கண்முன் நின்றது என் மாமியார். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டி வந்திருக்கிறார்கள்! "அவன் நாளைக்கு வேனில் ஏறி வாந்தி எடுத்தா என்ன பண்ணுவே? நான் போன் பண்றேன்" என்று மருத்துவ அறைக்குச் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு மறுநாள் மத்தியானம் வரை பேசவில்லை.

நர்ஸ் வந்தார். வாந்தி பட்ட இடத்தை நாம் துண்டால் துடைக்கக் கூடாது என்று சொல்லி, கையுறை போட்ட ஆட்களை அனுப்பிக் குளோரின் மருந்தால் சுத்தம் செய்ய வைத்தார். பையனும் அவன் அம்மாவும் அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்றாயிற்று. அதே அறையில் படுத்திருந்த மாமியாரை என் அறைக்கு அழைத்து வந்தேன். என் கணவர் தம்பி மகளோடு மூன்றாவது அறைக்குப் போனார். அடுத்த இரண்டு நாள் மாமியார் வயிற்றைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை.

பையனுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் வைத்தியம். வாந்தி எடுத்ததும் ஒரு பத்து நிமிஷம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். தாகம் என்று டம்ளரோடு கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை ஊற்ற வேண்டும். பாதிப் பாதியாகக் கண்ணளவில் கரைக்கக் கூடாது. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஜூஸும் கலர் பானமும் பேதியை அதிகமாக்கும். குழந்தை ஆறெட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, கண் குழிந்து துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கைவைத்தியம் போதாது; டாக்டர் உடனே பார்க்க வேண்டும். எங்கள் பையன் விடியற்காலை சிறுநீர் கழித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கப்பல் டாக்டருக்குத் தனிக் கட்டணம், லேசில் இல்லை. பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கப்பல் வைத்தியமும் அதில் சேருமா என்று கேட்டு எடுங்கள். இன்னொன்று: துறைமுகத்தில் வாங்கிக்கொள்கிற பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைப் பெட்டியில் வைத்தால் மத்தியான வேளை மாத்திரை போச்சு. கைப்பையிலேயே இருக்கட்டும், டாக்டர் சீட்டோடு. இப்படி மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்குப் பேதி வந்தால், எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

மாமியாருக்கு ஒன்றும் வரவில்லை. பையன் ஃபுக்கெட்டைப் பார்த்தது ஜன்னல் வழியாகத்தான். நான்காம் நாள் இட்லி கேட்டான், கிடைத்தது ரொட்டி.

வியாதி நின்ற பிறகும் கிருமி இரண்டு வாரம் வரைகூட மலத்தில் வெளிப்படலாம். கடைசி நாள் என் ஓர்ப்படிக்கும் லேசாக வயிறு சரியில்லாமல் போயிற்று. வயிறு நின்று இரண்டு நாளாவது ஆகாமல் மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். சிங்கப்பூர் வீட்டுக்குத் திரும்பியதும் அவளை அடுப்படிப் பக்கம் வரவிடாமல் நானே ரசம் வைத்தேன்.