கண்டித் தவளைகளும் 26 குரோமோசோம்களும்

கண்டி, ஹந்தானைச் சரிவு

அன்புள்ள தோழிக்கு,

பன்னிரண்டாம் வகுப்புக்குக் குரோமோசோம் பாடம் தொடங்கிவிட்டாய் என்றும், பிள்ளைகள் 46 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அதோடு நின்றுவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பாடத்துக்கு உதவுகிற ஊரில்தான் இப்போது இருக்கிறேன். தலதா மாளிகையும் ஏரியும் அடுத்த கடிதத்துக்கு இருக்கட்டும். இது முழுக்கத் தவளைக் கடிதம்.

இங்கே வீட்டைச் சுற்றித் தோட்டம் என்றால் பாத்தி கட்டிய தோட்டம் இல்லை. பலா, கமுகு, சாதிக்காய், கராம்பு, மரங்களில் ஏறிய மிளகுக்கொடி என்று பாதிக் காடாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். நேற்று மழை ஓய்ந்தபிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் ஒரு தம்பி என்னை அப்படி ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. “அக்கா, லைட்டை நேரா முகத்துல அடிக்காதீங்க, சத்தத்தை நிப்பாட்டிரும்” என்றான். டக், டக் என்று இலைமறைவில் கேட்டதைப் பூச்சி என்றே நினைத்திருந்தேன். மிளகு இலையின் மேல் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மண்ணிறத்தில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. தொண்டைப் பை உப்பி உப்பி அடங்கியது. இவற்றைப் புதர்த் தவளைகள் என்கிறார்கள். இனத்தொகுதியின் அறிவியல் பெயர் சூடோபிலாட்டஸ்.

இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. பெரும்பாலானவற்றில் பெண் தவளை ஈர மண்ணில் சிறு குழி பறித்து முட்டையிட்டு மண்ணோடு கலந்து மூடிவிடுகிறது. இலையின் அடியில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும் இனமும் உண்டு. முட்டைக்குள்ளேயே வால் வளர்ந்து, கரைந்து, நான்கு காலோடு குட்டித் தவளை வெளியே வருகிறது. குளமோ ஓடையோ வேண்டாம், ஈரமும் நிழலும் போதும். அதனால்தான் ஒவ்வொரு மலைமுகட்டிலும் தனித்தனியாக ஒதுங்கி, தனித்தனி இனமாகப் பிரிய இவற்றால் முடிந்தது.

கேலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியகொடவும் 2005இல் ஒரே ஆய்வில் 27 புதிய இனங்களை விவரித்தார்கள். அவற்றில் சில கண்டியின் வாசலிலேயே இருப்பவை. பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில், மகாவலிக்கு அப்பால் உள்ள கன்னொறுவக் காட்டில் வாழ்கிறது ஒன்று. கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல் கறுப்பாக இருப்பதால் அதற்கு ஸோரோ என்று பெயர். ஹந்தானை ஓடைப் பாறைகளில் இருக்கும் ஒன்றுக்கு, உலகெங்கும் குறைந்துவரும் தவளைகளுக்காக உழைத்த டிம் ஹாலிடேயின் பெயர். பல்லாயிரம் பேர் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் இடங்களில் 2005 வரை பெயரில்லாமல் இருந்திருக்கின்றன இவை. இன்று இலங்கையில் பெயர் பெற்ற புதர்த் தவளை இனங்கள் எண்பதை நெருங்குகின்றன.

இனி உன் பாடத்துக்கு வருகிறேன். இத்தனை இனங்களாகப் பிரிந்த கூட்டத்தில் குரோமோசோம் எண்ணிக்கையும் தாறுமாறாக மாறியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் ராக்கோபோரிடே என்ற இந்த ஆசிய மரத்தவளைக் குடும்பத்தில், சோதித்துப் பார்த்த பெரும்பாலான இனங்களில் எண்ணிக்கை ஒன்றுதான்: 26. உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தச் சுண்ணாம்புத் தவளையும் இதே குடும்பம்தான். பெரிய ஜோடிகள் ஐந்து, சிறியவை எட்டு என்பது வழக்கமான அமைப்பு. இனத்துக்கு இனம் வேறுபாடு இருக்கிறது. ஆனால் அது எண்ணிக்கையில் இல்லை. குரோமோசோமின் இடுப்பு, அதாவது சென்ட்ரோமியர், நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா, ரைபோசோம் மரபணுக்கள் எந்தக் கையில் அமர்ந்திருக்கின்றன என்பதில் அது தெரிகிறது.

இதற்கு நேர்மாறான கதை அட்லாண்டிக்குக்கு அப்பால் இருக்கிறது. கரீபியத் தீவுகளில் எலியூத்தரோடாக்டைலஸ் என்று ஒரு பெருங்கூட்டம். கண்டித் தவளைகளோடு நெருங்கிய உறவு எதுவும் கிடையாது. ஆனால் அவையும் தலைப்பிரட்டை இல்லாமல் நேரே குட்டியாகப் பிறப்பவை, அவையும் தீவுகளில் ஒதுங்கி நூற்றுக்கணக்கான இனங்களாகப் பெருகியவை. அங்கே எண்ணிக்கை 18இல் தொடங்கி 30ஐயும் தாண்டிப் போகிறது. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி இணைந்து ஒன்றாவதும், ஒன்று உடைந்து இரண்டாவதும் அங்கே அடிக்கடி நடந்திருக்கிறது. இரண்டு கயிறுகளை முடிந்து ஒன்றாக்கினால் கயிற்றின் எண்ணிக்கை குறையும், நீளம் அப்படியே இருக்கும். இதுவும் அப்படித்தான்: மரபுச் செய்தி ஏறக்குறைய முழுதாக இருக்கும், கட்டு மட்டும் மாறும். இப்படிக் கட்டு மாறியவையும் மாறாதவையும் கலந்தால், பிறக்கும் குட்டி பெரியதாகி முட்டையோ விந்தோ உண்டாக்கும்போது ஜோடி சேர்வதில் தடுமாற்றம் வரலாம். இனங்கள் பிரிவதற்கு அது ஒரு வழி. ஒரே வழி அது இல்லை என்பதற்குக் கண்டி மலைகள் சாட்சி.

எண்ணிக்கை பயன்படும் இடமும் உண்டு. தென்னமெரிக்காவில் 30 குரோமோசோம் கொண்ட சிறு மரத்தவளைகளைத் தனியே பிரித்து, 2005இல் டென்ட்ரோப்சோபஸ் என்ற இனத்தொகுதிக்குள் வைத்தார்கள். வட அமெரிக்காவிலோ பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சாம்பல் மரத்தவளைகளில் ஒன்றுக்கு 24, மற்றதற்கு 48. வாசர்மன் 1970இல் அதைக் கண்டுபிடித்தார். இரட்டிப்பானதன் செல்கள் பெரியவை, அதன் குரலின் துடிப்பு மெதுவானது. பெண் தவளை அந்தத் துடிப்பின் வேகத்தைக் கேட்டே தன் இனத்து ஆணைத் தேர்ந்தெடுக்கிறது. குரோமோசோம் கணக்கு குரலில் கேட்கும் என்று சொன்னால் உன் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். முயன்று பார்.

இந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் கட்டாயம் சொல்லிக்கொடு. எலும்பு மஜ்ஜையிலோ குடல் சுவரிலோ பிரிந்துகொண்டிருக்கும் செல்களைக் கோல்ச்சிசின் கொடுத்து பாதியில் நிறுத்த வேண்டும். உப்புக் குறைந்த கரைசலில் உப்பவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைப்படுத்தி, கண்ணாடியில் சொட்டி, ஜீம்சா சாயம் ஏற்றினால் குரோமோசோம்கள் சிதறி விழுந்து தெரியும். மனிதனுக்கு 48 என்று பல ஆண்டுகள் நம்பி, 1956இல்தான் டிஜோவும் லெவனும் 46 என்று உறுதிசெய்தார்கள் என்றால், இந்த வேலைக்கு எவ்வளவு கைப்பக்குவம் வேண்டும் என்று பார்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அதுதான். செல் உயிரோடு இருக்க வேண்டும், பிரிந்துகொண்டிருக்க வேண்டும். சாராயப் புட்டியில் கிடக்கும் பழைய தவளையிலிருந்து அளவு எடுக்கலாம், பல்லைப் பார்க்கலாம், நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் டிஎன்ஏ துணுக்குகூட எடுக்கலாம். அதன் குரோமோசோம்களை விரித்துப் பார்க்க முடியாது.

கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியில் ரம்பொடை. 1876க்கு முன் அங்கே பிடித்த புதர்த் தவளை ஒன்று லண்டன் அருங்காட்சியகப் புட்டியில் கிடந்தது. 2007இல் அதற்கு மாயா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்றே அது அழிந்துபோன இனம். உலகில் அழிந்தவையாகப் பட்டியலிடப்பட்ட இருவாழ்விகளில் ஏறத்தாழ பாதி இலங்கையின் புதர்த் தவளைகள்தாம். ஒன்றிரண்டு மட்டும் திரும்பிக் கிடைத்தன. 1853இல் கெலார்ட் விவரித்த ஸ்டெல்லாட்டஸ் என்னும் தவளையை 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் மறுபடி கண்டார்கள். மற்றவற்றின் குரலும் குரோமோசோமும் காட்டோடு போய்விட்டன.

காடு எப்படிப் போயிற்று என்பது நம் கதையும்தான். 1815இல் கண்டி விழுந்தபின் மலைகள் காப்பிக்காக வெட்டப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி சாக, 1867இலேயே லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. வெட்டச் சொன்னவர்கள் துரைமார். கோடரி பிடித்தவர்களும் அந்தக் காட்டிலேயே காய்ச்சலில் மாண்டவர்களும் நம் பக்கத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். அந்த வரலாற்றில் மனிதர்கள் பட்டதையே நாம் இன்னும் எழுதி முடிக்கவில்லை. தவளைகளைப் பற்றிய அக்கறை அந்தத் துயரத்தைச் சிறிதாக்காது. லயத்தில் பிறந்த பிள்ளை பேராதனையில் படித்து, தாத்தன் காலத்தில் அழிந்த காட்டின் மிச்சத்தைக் கணக்கெடுப்பதை நான் நேரில் பார்த்தேன். எனக்கு அது பெரிய விஷயம்.

உனக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்தத் தவளைகளின் மூதாதை சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து தரைவழியே இங்கே வந்தது. பிறகு ஒரு கிளை திரும்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே போயிற்று. அந்தக் கிளையில் ஒன்று அகத்தியமலைப் பக்கத்தில் வாழ்கிறது, காணி மக்களின் பெயரால் அதற்குக் கானி என்று பெயர். அங்கேயே தங்கிவிட்ட பங்காளிகளை, விலங்கியலாளர் சி. ஆர். நாராயண ராவின் நினைவாக, ராவோர்க்கெஸ்டெஸ் என்கிறார்கள். அவற்றில் சலசோடெஸ் என்ற பச்சைத் தவளையை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் யாரும் பார்க்கவில்லை. 2011இல் அது திரும்பக் கிடைத்த செய்தி வந்தது. களக்காடு முண்டந்துறை மூங்கிலின் கீறல் வழியாக உள்ளே புகுந்து, ஆண் தவளை முட்டைகளைக் காவல் காக்கிறது.

இவ்வளவும் உன் பள்ளியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், வனத்துறையிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகளை மாஞ்சோலை அடிவாரத்துக்கு ஒரு சாயங்காலம் கூட்டிப்போ. தவளையைப் பிடிக்க வேண்டாம். கைப்பேசியில் குரலைப் பதிவுசெய்து இடம், நாள், நேரம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல். ஆய்வுக்கூடம் உள்ளவர்கள் எந்தத் தவளையை உயிரோடு தேடிப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்தக் குறிப்பு வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி