ஆற்றங்கரையில் ஓர் ஆறாத மனக்குறை

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்து மேற்குக் கோடியில், வடக்கிலிருந்து அலெகெனி என்னும் ஆறும் தெற்கிலிருந்து மொனங்ககேலா என்னும் ஆறும் வந்து கூடுகின்றன. கூடியபின் இரண்டும் தத்தம் பெயரை இழந்து, ஓஹியோ என்னும் புதுப் பெயருடன் மேற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அக்கூடல் முனையில் அமைந்த நகரமே பிட்ஸ்பர்க். எஃகுக்குப் பெயர்போன ஊர். ஆலைப் புகையால் நண்பகலிலும் தெருவிளக்கு ஏற்ற வேண்டியிருந்த காலம் ஒன்று இவ்வூருக்கு இருந்தது. 1980களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. புகை போயிற்று; அதனுடன் பலரது பிழைப்பும் போயிற்று. 1950இல் ஏறத்தாழ ஆறேமுக்கால் இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2020இல் மூன்று இலட்சமாகச் சுருங்கிவிட்டது. இப்போது மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களுமே ஊருக்குச் சோறு போடுகின்றன.

2025ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. இங்கு முதலில் கண்ணைக் கவர்பவை அலெகெனி ஆற்றின் குறுக்கே வரிசையாக நிற்கும் மூன்று மஞ்சள் நிறத் தொங்கு பாலங்கள். அவற்றுள் ஒன்றுக்கு ரொபெர்ட்டோ கிளமென்டே பாலம் என்று பெயர். பேஸ்பால் ஆட்டம் நடைபெறும் நாள்களில் இப்பாலத்தில் வாகனங்களை நிறுத்திவிடுகின்றனர். பாட்டனும் பேரனும், கைக்குழந்தையைத் தோளில் சுமந்த தாயும், கறுப்பும் பொன்னிறமும் கலந்த சட்டையணிந்து, திருவிழாவுக்குச் செல்வோரைப் போல அப்பாலத்தில் நடந்து செல்கின்றனர். நாமும் அக்கூட்டத்தோடு நடந்தோம்.

பாலத்திற்குப் பெயர் தந்தவரைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கிளமென்டே போர்ட்டோ ரிக்கோ தீவில் 1934இல் பிறந்தவர். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்காகப் பதினெட்டு ஆண்டுகள் ஆடியவர். 1972 செப்டம்பர் 30 அன்று தம் மூவாயிரமாவது அடியை அடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் நிகராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தால் சிதைந்தது. உதவிப் பொருள்கள் உரியோரைச் சென்று சேரவில்லை என்ற செய்தி கேட்டு, தாமே நேரில் கொண்டுசேர்க்க முனைந்து, டிசம்பர் 31 இரவு ஒரு பழைய விமானத்தில் ஏறினார். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் கடலில் வீழ்ந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை. அவர் அணிந்த சட்டையின் எண் 21. அவர் நினைவாகவே ஆட்டரங்கின் வலப்புற மதிலை 21 அடி உயரத்திற்கு எழுப்பியிருக்கிறார்கள்.

அரங்கத்தின் அழகைக் குறித்து ஐயமில்லை. 2001இல் திறக்கப்பட்டது, சுண்ணாம்புக் கல் பதித்த முகப்பு, ஏறத்தாழ 38,000 இருக்கைகள். இருக்கையில் அமர்ந்தால் மைதானத்திற்கு அப்பால் ஆறு, ஆற்றின் மேல் மஞ்சள் பாலம், பாலத்திற்கு அப்பால் நகரின் வானளாவிய கட்டடங்கள் யாவும் ஒரே ஓவியமாகத் தெரிகின்றன. பருவத்தின் முதல் ஆட்டத்திற்காக இவ்வரங்கம் கதவு திறந்த 2001 ஏப்ரல் 9 அன்று காலையில்தான், இவ்வணியின் பழம்பெரும் வீரர் வில்லி ஸ்டார்ஜெல் காலமானார். இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் அவருக்கு வாயிலில் சிலை திறந்திருந்தார்கள். மக்கள் அச்சிலையின் காலடியில் பூக்களை வைத்துவிட்டு ஆட்டம் பார்க்க உள்ளே சென்றார்கள்.

அரங்கம் எழுந்த கதையையும் அறிந்துகொண்டோம். கட்டுவதற்குப் பிடித்த செலவு 21 கோடியே 60 இலட்சம் டாலர். அதில் பெரும்பகுதி பொதுப் பணம். இதற்கென விற்பனை வரியை உயர்த்தலாமா என 1997இல் வாக்கெடுப்பு நடந்தபோது மக்கள் வேண்டாம் என்றே தீர்ப்பளித்தனர். ஆனால் அடுத்த ஆண்டே வேறொரு வழியில் பணம் ஒதுக்கப்பட்டது. அரங்கம் கட்டாவிடில் அணி ஊரைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் அப்போது நிலவிற்று. புதிய அரங்கம் வந்தால் வருமானம் பெருகும், வருமானம் பெருகினால் நல்ல ஆட்டக்காரர்களை அமர்த்தலாம் என்பதே மக்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு.

பேஸ்பால் ஆட்டத்தைக் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். அணிக்கு ஒன்பது பேர். எறிவதை அடித்துவிட்டு, நான்கு தளங்களைச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம்தான். ஆகவே தோற்கும் அணியை நேசிப்பவர் நாள்தோறும் தோற்க வேண்டியவராகிறார். இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. போலந்து நாட்டுக் குடியேறிகள் கொண்டுவந்த, நம் கொழுக்கட்டை போன்றதொரு பண்டத்தின் வேடமணிந்த சிலர் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயம் நடத்துகின்றனர். நாம் சென்ற மாலையில் மக்கள் மனமாரச் சிரித்தது அப்போதுதான்.

1887 முதல் நேஷனல் லீக்கில் ஆடிவரும் இவ்வணி 1909, 1925, 1960, 1971, 1979 ஆகிய ஐந்து ஆண்டுகளில் உலகத் தொடர் எனப்படும் பெரும் பட்டத்தை வென்றுள்ளது. 1992 அக்டோபர் 14 அன்று, மீண்டும் உலகத் தொடருக்குச் செல்லும் வாயிலில், அட்லாண்டா நகரில் 2–0 என முன்னணியில் நின்று, கடைசிப் பகுதியில் மூன்று ஓட்டங்களை விட்டுக்கொடுத்துத் தோற்றது. வெற்றி ஓட்டத்தை எடுத்தவர் முன்பு பிட்ஸ்பர்க் அணியிலேயே ஆடியவர்! அதன்பின் 1993 முதல் 2012 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து, வென்றவற்றைவிடத் தோற்றவையே மிகுதி. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை அணிகளுள் வேறெதற்கும் அதுவரை நேராத நிலை இது. 2019 முதல் 2025 வரையிலும் அதே கதை; 2021இல் 101 தோல்விகள், 2022இல் 100.

நமக்கு அடுத்த இருக்கையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இளமையில் எஃகு ஆலையில் உழைத்தவராம். இத்தனை ஆண்டுகள் தோற்கும் அணியைப் பார்க்க எப்படி மனம் வருகிறது என்று கேட்டோம். அவர் சற்று நேரம் மைதானத்தையே பார்த்திருந்துவிட்டு, "தோற்பதற்காக யாரும் கோபப்படவில்லை. எங்கள் ஆலையே தோற்றுப்போயிற்று. நாங்கள் எழுந்து நிற்கவில்லையா? வெல்ல வேண்டும் என்று அவர்கள் முயல்வதாகத் தெரிந்தால் போதும். அதுதான் தெரியவில்லை" என்றார். பிறகு பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து நமக்கும் ஒரு கை கொடுத்தார்.

அவர் மனக்குறையின் வேர் பணத்தில் இருக்கிறது. இதே ஊரின் காற்பந்து அணியும் பனி ஹாக்கி அணியும் ஆடும் லீக்குகளில், ஓர் அணி ஆட்டக்காரருக்குச் செலவிடும் மொத்தச் சம்பளத்திற்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே சிறு நகர அணியும் பெருநகர அணியும் ஏறத்தாழ ஒரே கைப்பொருளோடு களமிறங்குகின்றன. பேஸ்பாலில் அத்தகைய கண்டிப்பான வரம்பும் இல்லை; இவ்வளவாவது செலவிட்டே தீரவேண்டும் என்ற தாழ்வரம்பும் இல்லை. 2025இல் பிட்ஸ்பர்க் அணி ஆட்டக்காரருக்குக் கொடுத்த மொத்தச் சம்பளம், லாஸ் ஏஞ்சலிஸ் அணி கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செல்வமிக்க அணிகளின் வருவாயில் ஒரு பகுதி இத்தகைய சிறு அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அதைக் கொண்டு அணியை வலுப்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் 2010இல் வெளியே கசிந்த கணக்கேடுகளின்படி, தோல்வி மேல் தோல்வி கண்ட 2007, 2008 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இவ்வணி ஈட்டிய இலாபம் ஏறத்தாழ 2 கோடியே 94 இலட்சம் டாலர்.

இளம் ஆட்டக்காரருக்கு முதல் சில ஆண்டுகளில் சம்பளம் குறைவு. பெயர் பெற்று, கூடுதலாகக் கேட்கும் காலம் நெருங்கியதும் அவரை வேறு அணிக்கு அனுப்பிவிடுவது இவ்வணியின் வழக்கமாகிவிட்டது என்பது மக்களின் குற்றச்சாட்டு. 2013இல் லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவுபெற்ற ஆண்ட்ரூ மெக்கட்சனும், எறிவதில் வல்லவரான கெரிட் கோலும் 2018 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் அனுப்பப்பட்டனர். அடுத்த ஆண்டு இறுதியில் கோலுக்கு நியூயார்க் அணி 32 கோடியே 40 இலட்சம் டாலர் தர இசைந்தது. பைரட்ஸ் என்றால் கடற்கொள்ளையர் என்று பொருள். பிற அணிக்குரிய வீரர் ஒருவரைக் கவர்ந்துகொண்டதாக 1890களின் தொடக்கத்தில் எழுந்த வசையே இவ்வணிக்குப் பெயராயிற்று. இன்று கொள்ளை போவது யாருடைய பொருள் என்று ஊரார் நகையாடுகின்றனர். 2025இல் பால் ஸ்கீன்ஸ் என்னும் இளைஞர் லீக்கின் தலைசிறந்த எறிவீரருக்குரிய விருதை ஒருமனதாகப் பெற்றார். ஆயினும் அவ்வாண்டு அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வியும் 10. அவர் எதிரிகளை அடக்கி வைக்க, அவருக்காக ஓட்டம் எடுத்துத் தரத்தான் ஆளில்லை.

நிற்க. சிக்கனம் நம் குடும்பங்கள் போற்றும் பண்பு. வரவறிந்து செலவு செய்யும் இல்லத்தரசியை நாம் மெச்சுகிறோம். அப்படியிருக்க, அணியின் உரிமையாளர் பாப் நட்டிங் அவர்களின் சிக்கனத்தை மட்டும் குறைசொல்வது முறையா என்று நாமும் எண்ணிப் பார்த்தோம். 2007 முதல் தலைமை உரிமையாளராக இருக்கும் அவர் அணியை வேற்றூருக்குக் கொண்டுபோய்விடவில்லை. சிறு நகரத்தின் தொலைக்காட்சி வருவாய் பெருநகரத்திற்கு ஈடாகாது என்பதும் உண்மையே. ஆயினும் இல்லத்தரசி மிச்சம் பிடிப்பது பிள்ளைகளின் தட்டில் சோறு விழவேண்டும் என்பதற்காக. தட்டையே வெறுமையாக்கி மிச்சம் பிடிப்பதை நாம் சிக்கனம் என்று சொல்வதில்லை. பிட்ஸ்பர்க்கைவிடச் சிறிய பெருநகர்ப் பகுதியைக் கொண்ட மில்வாக்கி அணி 2025இல் 97 ஆட்டங்களில் வென்று எல்லா அணிகளுக்கும் முன்னே நின்றது. அதுவும் அள்ளி இறைக்கும் அணியன்று.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 2007 ஜூன் 30 அன்று, மூன்றாம் பகுதி முடிந்ததும் ஒரு பகுதியினர் இருக்கையை விட்டெழுந்து வெளியேறினர். பெரும்பாலோர் எழவில்லை, சீட்டுக்குக் கொடுத்த காசு அவர்களைப் பிடித்து உட்காரவைத்தது போலும். 2018இல் அணியை விற்றுவிடுமாறு உரிமையாளரைக் கேட்கும் விண்ணப்பத்தில் 50,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 2025 ஏப்ரலில் உள்ளூரின் முதல் ஆட்டத்தன்று, அணியை விற்றுவிடு என்ற வாசகத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு விமானம் அரங்கத்தின் மேல் பறந்தது. கீழே மக்களும் அதையே முழங்கினர்.

அந்த வசந்தத்தில்தான் இரண்டு செய்திகள் ஊரை வருத்தின. வலப்புற மதிலில் கிளமென்டேயின் எண் பொறித்த பலகை இருந்த இடத்தை ஒரு மதுபான விளம்பரம் பிடித்துக்கொண்டது. எதிர்ப்பு எழவே பலகை மீண்டும் வைக்கப்பட்டது. மற்றது செங்கற்களைப் பற்றியது. அரங்கம் கட்டும் காலத்தில், பெயர் பொறித்த செங்கற்களை வாயிலில் பதிப்பதாகச் சொல்லி மக்களுக்கு விற்றிருந்தனர். தன் பெயர், மனைவியின் பெயர், மறைந்த தந்தையின் பெயர் என ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்துப் பதித்திருந்தனர். அவை பெயர்க்கப்பட்டு, பழம்பொருளைச் சிதைத்து மறுபயனாக்கும் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும் படம் வெளிவந்தது. கற்கள் பழுதடைந்துவிட்டன, பெயர்களை வேறு வகையில் நிலையாக வைப்போம் என நிர்வாகம் சொல்லிற்று. முதியவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கடலைத் தோலை மட்டும் ஊதித் தள்ளினார்.

இம்மக்கள் அழைத்தால் வருபவர்கள். 2013 அக்டோபர் 1 இரவில், இருபது ஆண்டு வறட்சி தீர்ந்து, சின்சினாட்டி அணியோடு தகுதியாட்டம் நடந்தபோது, நாற்பதாயிரம் பேர் கறுப்புடை அணிந்து வந்தனர். எதிரணி எறிவீரரின் பெயரை ஒரே குரலில் நீட்டி முழங்கினர். அவர் கையிலிருந்த பந்து நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த எறியையே பிட்ஸ்பர்க்கின் ரசல் மார்ட்டின் மதிலுக்கு அப்பால் அனுப்பினார். 98 ஆட்டங்களில் வென்ற 2015இல் அரங்கிற்கு வந்தோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். 2025இல் அத்தொகை இருபது இலட்சத்திற்கு வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது.

மறுநாள் காலை, பல்கலைக்கழகப் பகுதியிலுள்ள ஒரு பழைய செங்கல் மதிலைப் பார்க்கச் சென்றோம். ஃபோர்ப்ஸ் மைதானம் என்னும் பழைய ஆட்டக்களம் 1971இல் இடிக்கப்பட்டபோது எஞ்சிய பகுதி அது. செங்கல்லின் மேல் கொடி படர்ந்திருக்கிறது. 1960 அக்டோபர் 13 பிற்பகல் 3:36 மணிக்கு, பில் மசெரோஸ்கி அடித்த பந்து அக்களத்தின் இடப்புற மதிலைத் தாண்டிச் சென்று, வலிமைமிக்க நியூயார்க் யாங்கீஸ் அணியை 10–9 என வீழ்த்தியது. ஆண்டுதோறும் அக்டோபர் 13 அன்று முதியவர்களும் இளையவர்களும் மடக்கு நாற்காலிகளோடு எஞ்சிய மதிலடியில் கூடுகின்றனர். அன்றைய வானொலி வருணனையின் ஒலிப்பதிவைத் தொடக்கத்திலிருந்து போட்டுக் கேட்கின்றனர். முடிவு எல்லோரும் அறிந்ததே. ஆயினும் 3:36 மணிக்கு, பந்து மதிலைத் தாண்டுகையில், அவர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்கின்றனர். அதைக் கேட்க நுழைவுச் சீட்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை.