புள்ளி மறைந்தால் வியாதி போச்சா?

மீன் தொட்டி என்றால் நம்மில் பலருக்கு ஹாலில் அழகுக்கு வைக்கிற பொருள். ஆனால் அதில் நீந்துவதும் ஒரு ஜீவன்தானே? அதற்கும் வியாதி வெக்கை உண்டு. குழந்தைக்கு வந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம். மீனுக்கு வந்தால் டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் வீட்டுக்காரிதான்.

எங்கள் வீட்டில் இருப்பது கடல் நீர்த் தொட்டி. செம்பரம்பாக்கத்தில் ஏது கடல் என்று கேட்பீர்கள். சென்னைக்கே குடிநீர் கொடுக்கிற ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, நான் சுத்திகரித்த தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் உப்புக் கலவையைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன்! எல்லாம் மகனால் வந்தது. ஒரகடத்தில் வேலை கிடைத்ததும் முதல் போனஸில் மூன்றடித் தொட்டி வாங்கினான். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன், ஓர் இறால், நாலைந்து நத்தை. போன வருஷம் கம்பெனி அவனை நாலு மாதப் பயிற்சிக்குப் பூனாவுக்கு அனுப்பியது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்புதான் நீல நிற டாம்செல் மீன் ஒன்றை வாங்கி விட்டிருந்தான். "அம்மா, பத்திரமா பாத்துக்கோ" என்று சொல்லி ரயிலேறினான்.

நாலாம் நாள் டாம்செல் கல்லில் உடம்பைத் தேய்த்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் செதிலிலும் துடுப்பிலும் தூள் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். இரண்டு நாளில் அவை தாமாகவே மறைந்தன. மீன் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "சரியாயிடுச்சும்மா, இனிமே பயமில்ல" என்றார்கள். ஒரு வாரம் கழித்து மூன்று மீன்களுக்கும் உடம்பெல்லாம் புள்ளி. டாம்செல் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. மறுநாள் காலை செத்துக் கிடந்தது.

என் மகள் பி.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். "தூக்கிப் போட்டுடாதேம்மா" என்று, செத்த மீனைத் தொட்டித் தண்ணீரோடு டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டாள். மீன் செத்த பிறகு ஒட்டுண்ணி அதன்மேல் அதிக நேரம் தங்காதாம். அவள் அப்பா உடனே ஸ்கூட்டரில் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டார். செவுளில் துளி வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்களாம். கரிய உருண்டை ஒன்று மெல்லச் சுழல்கிறது! அதைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். பெயர் கிரிப்டோகாரியான். கடல் மீனின் வெண்புள்ளி நோய்.

எல்லோருக்கும் மைக்ராஸ்கோப் கிடைக்குமா? கண்ணாலேயே ஓரளவு பிரித்துவிடலாம். எண்ணக்கூடிய உப்புக் கல் மாதிரி இருந்தால் பெரும்பாலும் இந்த வெண்புள்ளி. எண்ண முடியாத நைசான மாவு மாதிரி, சாய்த்துப் பார்த்தால் பொன் நிறமாக மின்னி, மீனும் மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். இரண்டொரு நாளில் ஆளையே முடித்துவிடும். கோமாளி மீனுக்குக் கோழை கோழையாகத் தோல் உரிந்தால் அது புரூக்லினெல்லா. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது.

பக்கத்து வீட்டு அக்கா, "கல் உப்பு போடு, எங்க வீட்டுப் பொன்மீனுக்கு அதுலதான் போச்சு" என்றார். நல்ல தண்ணீர் மீனுக்கு வருவது வேறு பூச்சி, அதற்கு உப்பு கேட்கும். உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த பூச்சியை உப்பு என்ன செய்யும்?

புள்ளி ஏன் மறைந்து மறுபடி வந்தது? பெண் குழந்தைகளின் தலையைப் பார்க்கிற நமக்கு இது சட்டென்று விளங்கும். பேனைக் கொன்றாலும் ஈறு பொரித்து மறுபடி பேன் வருகிறதல்லவா? இந்தப் பூச்சியும் மீன்மேல் மூன்றிலிருந்து ஏழு நாள் தின்று கொழுத்து, உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே வரும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். தாமிர மருந்து வெளியே நீந்துகிற குஞ்சைக் கொல்லும், கூட்டுக்குள் புகாது.

கடைக்காரர் அந்தத் தாமிர மருந்தைத்தான் தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார். ஊற்றினால் இறாலும் நத்தையும் போய்ச் சேரும். கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தனிப் பாத்திரத்தில் போடுவதானாலும் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான், தினம் அளந்து பார்க்க வேண்டும். கூடினால் மீனுக்கே விஷம். என் கணவர், "போனாப் போகுது, புதுசா ரெண்டு வாங்கி விட்டுடலாம். அவனுக்கா தெரியப் போகுது?" என்றார். ஏன் தெரியாது? பெரியது பெண், அதன் நடு வெள்ளைப் பட்டை ஒரு பக்கம் கோணல். போனில் பேசும்போதெல்லாம் அவன் முதலில் கேட்பது அதைத்தான்.

மகள் படித்துச் சொன்ன மருந்தில்லாத முறையை எடுத்துக்கொண்டேன். கொளத்தூர் போய் இரண்டு ஏர் பம்பும் கல்லும், வழியில் இரண்டு பிளாஸ்டிக் டப்பும் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் 40 லிட்டர் தண்ணீர், 1.4 கிலோ உப்பு, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு. மணல் கூடாது. முதல் டப்பில் மீன்களை விட்டு, நாலாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று புதுத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். உதிர்ந்த பூச்சி பொரிப்பதற்குள் மீன் அங்கே இருக்காது. காலியான டப், வலை, குழாய், காற்றுக் கல் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் சுக்காகக் காய வைக்க வேண்டும். ஐந்து முறைக்கு ஏழு கிலோ உப்பு ஆயிற்று. மூன்று நாள் கெடுவைத் தாண்டக் கூடாது. ஏழாம் நாள் காஞ்சிபுரத்தில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். விடியற்காலை நாலு மணிக்கு மீனை மாற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சின்ன மீன் ஐந்து நாள் எதையும் தொடவில்லை. ஆறாம் நாள் குழம்புக்கு வாங்கிய இறாலில் ஒன்றைப் பொடியாக அரிந்து போட்டேன். ஒரு துணுக்கைக் கவ்வித் துப்பிவிட்டு, திரும்ப வந்து விழுங்கியது. அன்று எனக்கும் சோறு இறங்கியது.

பெரிய தொட்டியை என்ன செய்வது? மீன் இல்லாமல் பட்டினி போடுவதுதான் அதற்கு வைத்தியம். ஆறு வாரம் போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் சில கூடுகள் 72 நாள் வரை காத்திருந்து பொரித்ததை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே 76 நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டேன். இறாலையும் நத்தையையும் பூச்சி தொடாது, அவை அங்கேயே இருந்தன. வந்தவர்களெல்லாம், "காலித் தொட்டிக்கு ஏன் கரண்ட் செலவு?" என்று கேட்டார்கள். டப்பில் இருந்த மீன்களுக்குத் தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது; வடிகட்டி இல்லாததால் கழிவு சேர்ந்துவிடும். தொட்டியில் நனைந்த கையை டப்பில் வைக்க மாட்டேன்.

77-ஆம் நாள் இரண்டையும் பெரிய தொட்டியில் விட்டோம். அதற்குப் பிறகு ஒரு புள்ளியும் வரவில்லை. டப்கள் மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடக்கின்றன. வடாம் மாவு கரைக்க மாமியார் ஒன்றைக் கேட்டார், கொடுக்கவில்லை. மகன் இனி எந்த மீன் வாங்கி வந்தாலும் ஒரு மாதம் அதற்கு அதுதான் வீடு.