நேத்து என்ன சாப்ட்ட?

கைக்குழந்தை அழுதால் நம் வீடுகளில் முதலில் பார்ப்பது தாயின் தட்டைத்தான். "நேத்து என்ன சாப்ட்ட?" கேட்பவர் அக்கறையோடுதான் கேட்பார். பலாப்பழமா, கடலைப்பருப்பா, ஐஸ் தண்ணி குடிச்சியா? எங்கள் மகள் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து என் மனைவி இந்தக் கேள்விக்கு ஒரு நாளைக்கு நாலைந்து முறை பதில் சொன்னாள். என் அம்மாவுக்கு, அத்தைக்கு, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு, வாட்சாப்பில் ஈப்போ பெரியம்மாவுக்கு. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் நேத்து என்ன சாப்பிட்டேன் என்பதற்கும் குழந்தையின் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அழுகை சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கும். கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொள்வாள், முகம் சிவந்துவிடும், வயிறு மத்தளம் மாதிரி இறுகிவிடும். குடித்த பாலில் பாதி என் தோளில் இருக்கும். பத்து மணி வரைக்கும் ஓயாது.

அந்த அழுகைக்குப் பெயர் மட்டும் ஏராளமாகக் கிடைத்தது. அம்மா 'வாயு' என்றார், ஓமத் தண்ணி காய்ச்சினார். எதிர்வீட்டு மக்சிக் 'மாசோக் ஆங்கின்' என்று சொல்லி யூ யீ எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்தார். பாட்டி 'கண்ணு பட்டிருக்கு' என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கையில் ஏற்கெனவே வசம்பு வளையல் இருந்தது. தாமானில் இருக்கும் கிளினிக்கில் 'கோலிக்' என்று சொல்லி சிமெத்திகோன் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

கோலிக் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஒரு பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம். படித்துப் பார்த்தபோதுதான் அது ஒரு காரணத்தின் பெயரே அல்ல, ஓர் அளவின் பெயர் என்று தெரிந்தது. 1954-இல் மோரிஸ் வெஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வகுத்த கணக்கு அது. நன்றாகப் பால் குடித்து வளரும் குழந்தை, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். ஏன் அழுகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. 1962-இல் பிரேசல்ட்டன் என்ற இன்னொரு மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களிடம் குறித்து வாங்கினார். ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறைந்ததை அதில் கண்டார். அதாவது பெரும்பாலான குழந்தைகளுக்குக் காலம்தான் மருந்து. அந்த இடைவெளியில் எதைக் கொடுத்தாலும் அது வேலை செய்த மாதிரிதான் தெரியும். 1851-இல் இங்கிலாந்தில் பிறந்து நம் பாட்டிமாரின் அலமாரி வரைக்கும் வந்த கிரைப் வாட்டரில் அந்தக் காலத்தில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு ஆல்கஹாலும் இருந்தது. பிள்ளைகள் நன்றாகத் தூங்கியிருக்கும்.

எங்கள் வீட்டில் ஆறாவது வாரம் போனது, ஏழும் எட்டும் போயின. ஒன்பதாவது வாரம் டயப்பரில் சளி மாதிரி இருந்தது. அதில் சிவப்பு நூல் போல ரத்தம்.

குழந்தை மருத்துவர் முதலில் ரெக்கோர்ட் புத்தகத்தில் எடைக் கோட்டைப் பார்த்தார். கோடு ஒழுங்காக ஏறியிருந்தது. காய்ச்சல் இல்லை, பச்சையாக வாந்தி எடுக்கவில்லை, சோர்ந்து கிடக்கவில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் கதை வேறு, உடனே எமர்ஜென்சிக்குப் போயிருக்க வேண்டும் என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "நீங்க தினமும் என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அதே கேள்வி இங்கேயும் வந்துவிட்டது. ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். காலையில் பூண்டுப்பால். பத்து மணிக்கு ஹார்லிக்ஸ். மத்தியானம் பத்தியச் சோறு, சுறாப் புட்டு. சாயங்காலம் மைலோ, பிஸ்கட். ராத்திரி படுக்கும்போது மறுபடி ஒரு கிளாஸ் பால். "பால் குடிச்சாத்தானே பால் ஊறும்" என்று அம்மா பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் எழுதி வைத்துக்கொண்டு விளக்கினார். பசும்பாலில் இருக்கும் புரதம் தாயின் உடலில் முழுவதும் உடைந்துவிடுவதில்லை. மிகக் கொஞ்சம் தாய்ப்பாலிலும் இறங்கும். உதாரணத்துக்கு பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் மனிதத் தாயின் பாலில் இயற்கையாகவே கிடையாது, ஆனால் பசும்பால் குடிக்கும் தாயின் பாலில் அதைக் காண முடியும். சில குழந்தைகளின் குடல் அதை எதிரியாக நினைத்து வீங்கிக்கொள்கிறது. இந்த வகை ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையிலோ தோல் பரிசோதனையிலோ தெரியாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய் 2 முதல் 4 வாரம் பாலையும் பாலில் செய்ததையும் விட வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டி இது தானாகவே சரியாகிவிடும்.

லாக்டோஸ் பிரச்சினையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை, தாய்ப்பாலிலும் அது தாராளமாக உண்டு. எங்களுக்குச் சிக்கல் புரதத்தில். அதனால் லாக்டோஸ் நீக்கிய பால் உதவாது. மாமா ஒருவர் சொன்ன ஆட்டுப்பாலும் உதவாது, அதன் புரதம் பசும்பால் புரதத்தோடு ஏறக்குறைய ஒன்றுதான்.

பாலை விடுவது சுலபம் என்று நினைத்தோம். தேத்தண்ணியில் டின்பால் வேண்டாம், 'தே ஓ' போதும். ஆனால் ரொட்டியில் பால் மாவு இருக்கிறது. மார்ஜரினில் வே இருக்கிறது. பல கடைகளில் ரொட்டி சானாய் மாவிலேயே டின்பால் ஊற்றிப் பிசைகிறார்கள். 'பால் இல்லாத க்ரீமர்' என்று போட்டிருக்கும் த்ரீ-இன்-ஒன் பாக்கெட்டின் பின்னால் திருப்பிப் பார்த்தால் சோடியம் கேசினேட். அதுவும் பால் புரதம்தான். கடைசியில் சோறு, மீன், கோழி, கீரை, தேங்காய்ப்பால் என்று நின்றது. சுண்ணாம்புச் சத்துக்கு நெத்திலி, முருங்கைக்கீரை, மாத்திரை.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. காலை ஆறு மணிக்கு எழுந்து பூண்டை உரித்து, பாலில் வேகவைத்து, பனங்கற்கண்டு போட்டு, ஒரு நாள்கூடத் தவறாமல் மருமகள் கையில் கொடுத்தவர் அவர். அதை விஷம் என்று சொல்ல முடியாது, அது விஷமும் இல்லை. அதே பூண்டுப்பால்தான் என்னையும் வளர்த்தது. இன்னொரு பக்கம், மனைவிக்கு இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், "ஒன்னாலே இல்லடா, கவலப்படாத" என்று. இப்போது டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது, அவள் சாப்பிட்டதுதான் என்று.

பத்து நாளில் ரத்தம் நின்றது. மூன்றாவது வாரம் சாயங்கால அழுகையும் குறைந்தது. வீடே மூச்சுவிட்டது. அப்போது டாக்டர், பாலை மறுபடி ஆரம்பியுங்கள் என்றார்.

"நல்லா இருக்கற பிள்ளைக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி. அம்மா வெளிப்படையாகவே கோபப்பட்டார்.

ஏன் என்பது எனக்குப் புரிந்தது. தொழிற்சாலையில் பழுதுக்குக் காரணம் தேடுவதுதான் என் வேலை. ஒரு பாகத்தை மாற்றியதும் பழுது போய்விட்டால், அந்தப் பாகம்தான் காரணம் என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது. பழையதைத் திரும்பப் பொருத்தி, பழுது திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். மகளுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. பாலை நிறுத்தாமலே குறைந்திருக்கக்கூடிய அழுகை அது. உறுதி செய்யாவிட்டால் மனைவி ஒரு வருஷம் காரணமில்லாமல் பட்டினி கிடக்கிற மாதிரி ஆகும். நியாயமெல்லாம் சரி. ஆனால் சர்க்யூட் போர்டுக்கு வலிக்காது, இவளுக்கு வலிக்கும். அதனால் நான் வற்புறுத்தவில்லை. குடிக்க வேண்டியது அவள், முடிவும் அவளுடையது என்று விட்டுவிட்டேன்.

நாலு நாள் யோசித்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் அவளே பால் காய்ச்சி, நின்றுகொண்டே ஒரு கிளாஸ் குடித்தாள். ஞாயிறும் குடித்தாள். திங்கட்கிழமை ராத்திரி டயப்பரில் அந்தச் சிவப்பு நூல் வந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். டயப்பரைச் சுருட்டிக் கட்டிவிட்டு, "சரி, தெரிஞ்சிருச்சு. இனிமே யாரும் கேக்க வேணாம்" என்றாள்.

அந்த வாக்கியத்தைப் பல நாள் யோசித்திருக்கிறேன். வீட்டில் கேட்டதும் டாக்டர் கேட்டதும் ஒரே கேள்வி. வீட்டில் கேட்டபோது எந்தப் பதில் சொன்னாலும் அது குற்றமாக முடிந்தது. பலாப்பழம் என்றால் பலாப்பழம், ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் அதுவும் தப்பு. டாக்டர் கேட்டபோது பதில் பொய்யாகிப்போகவும் வழி இருந்தது. பால் குடித்தும் ரத்தம் வராமல் இருந்திருக்கலாம். பொய்யாக வழியில்லாத கேள்வி விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. நம் பெண்கள் பிள்ளை பெற்ற முதல் நாளிலிருந்து அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து போன் செய்கிறார். "ஏம்மா, இந்த பிஸ்கட்ல சுசு தெப்போங்னு போட்டிருக்கு, வேணாந்தானே?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் தூரத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படிப்பது எனக்குத் தெரியும்.

மகளுக்கு இப்போது பத்து மாதம். ஒரு வயது தாண்டியதும் அவளுக்கே நேரடியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்து சுட்ட பிஸ்கட்டில் சின்னத் துண்டிலிருந்து தொடங்கி, மெல்லக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சூட்டில் வெந்த புரதத்தைக் குடல் கொஞ்சம் எளிதாக ஏற்றுக்கொள்ளுமாம். அந்த முதல் துண்டை யார் ஊட்டுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மா மாட்டேன் என்றுவிட்டார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ நீங்க குடுங்க. ஏதாச்சும் ஆனா ஒங்களையும் ரெண்டு பேரு கேக்கட்டும்."

சரி என்றேன்.