இரண்டு வீட்டுக் கார்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் கார்களைப் பற்றி எழுதுவதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். என் தந்தையாரைப் பற்றி எழுத எனக்கு வேறு வழி தெரியவில்லை. பீளமேட்டில் ஒரு பஞ்சாலைக் குடும்பத்திற்குக் கார் ஓட்டியவர் அவர்.

1986இல் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் கான்டெஸா வாங்கினார். தம்பி ஸ்டாண்டர்டு 2000. எந்த வீட்டோடு போவது என்பதைத் தந்தையாரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தோற்றத்தில் போட்டிக்கே இடமில்லை. 1977இல் ஐரோப்பாவின் அவ்வாண்டுக் காராகத் தேர்வுபெற்ற ரோவர் எஸ்டி1இன் இந்திய வடிவம் ஸ்டாண்டர்டு 2000. சென்னையில், வண்டலூருக்கு அருகே உருவானது. அம்பாசிடரையும் பத்மினியையும் மட்டுமே கண்டிருந்த ஊரில், அந்தச் சரிந்த மூக்கைப் பார்க்கச் சிறுவர்கள் நாங்கள் கேட்டோரம் நின்றது நினைவிருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் அந்த உடலுக்குள் மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினும் கிடைத்தது, 155 குதிரைத்திறன். இங்கே வைத்ததோ 1940களின் வான்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 83.

கான்டெஸாவின் கதை இன்னும் பரிதாபம். 1970களின் வாக்ஸ்ஹால் விக்டர் என்னும் அகன்ற உடலை இழுக்க அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினையே பூட்டியிருந்தார்கள். சுமார் 50 குதிரைத்திறன். ஐந்து பேரோடு குன்னூர் மலை ஏறுவதென்றால் இரண்டாம் கியரை விட்டு வெளியே வருவது அபூர்வம்.

தந்தையார் கான்டெஸாவைத் தேர்ந்தார். "அந்த வண்டி அழகுதானுங்க. ஆனா இதுக்குன்னா எந்தப் பட்டறையிலயும் சாமான் கெடைக்கும்" என்று சின்ன முதலாளியிடம் சொன்னார். காலம் அவர் சொல்லையே மெய்ப்பித்தது. ஸ்டாண்டர்டு 2000இன் உற்பத்தி 1988வாக்கில் நின்றது. கான்டெஸாவுக்கோ பின்னர் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. 2002 வரை உற்பத்தியும் தொடர்ந்தது. டிரைவருக்கு எஞ்சின் ஞானம் அதிகம் என்று இரு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள்.

உண்மைக் காரணத்தை அம்மா பல ஆண்டுகள் கழித்துச் சொன்னாள். அதற்கு முந்தைய ஆண்டு எனக்கு மூளைக்காய்ச்சல். மருத்துவச் செலவு முழுவதையும் தந்தவர் சின்ன முதலாளி; ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. "கேட்டிருந்தா இருந்திருப்பாரு. கேக்காத மனுசன் மொகத்தக் கண்ணாடியில பாத்துட்டே வண்டியோட்ட முடியாதுன்னாரு" என்றாள் அம்மா. அந்தப் பணத்தைத் தவணையாக அவர் தீர்த்துவிட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதலாளியம்மாள் கையில் கொடுத்தாராம்.

தந்தையார் இறந்த அன்று சின்ன முதலாளி வந்தார். எண்பதைக் கடந்திருந்தார். வாசல் திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, என்னை அருகில் அழைத்தார்.

"நான் என்ன கொற வெச்சேன் கண்ணு? நெசமாலுமே வண்டிக்காகத்தான் உங்கப்பன் போனானா?"

"ஆமாங்கய்யா" என்றேன். "சாமான் கெடைக்காதுன்னு கடைசி வரைக்கும் சொல்லுவாருங்க."